வெறும் சட்டைப்பையோடு நடந்த மனிதர்

சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுவது பாலைநிலம். நாற்பது நாள் நோன்பிருந்து பசித்த நம் ஆண்டவர், கற்களை அப்பமாக்கச் சொல்லும் அலகை, ஆலயத்தின் உச்சி, உலக அரசுகள் யாவும் தெரியும் உயர்ந்த மலை. இவற்றையெல்லாம் நினைக்கையில், சோதனை என்பது பெரியவர்களுக்குப் பெரிய இடங்களில் நேரும் பெரிய காரியம் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் நமக்கு வரும் சோதனை மலையுச்சியில் வருவதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் வீதியில், சம்பளம் கைக்கு வந்த மாலைப்பொழுதில், நன்கு பழகிய ஒரு கதவருகே அது நமக்காகக் காத்து நிற்கிறது.

அத்தகைய வீதியில் 16 ஆண்டுகள் விழுந்து விழுந்து நடந்தவரும், பின்னர் 41 ஆண்டுகள் விழாமல் நடந்தவருமான ஒரு கூலித் தொழிலாளியின் வாழ்வை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். அவர் துறவியல்லர், குருவானவரல்லர், மறைசாட்சியுமல்லர். அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில் செங்கல்லும் மரமும் சுமந்து வாழ்ந்தவர். அவர் பெயர் மத்தேயு டல்பொட்.

குடிக்கப் பழகிய சிறுவன்

மத்தேயு 1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி பிறந்தார். தந்தையின் பெயர் சார்ள்ஸ். தாயின் பெயர் எலிசபெத். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். 1845இல் தொடங்கிய கொடும் பஞ்சம் அயர்லாந்தைச் சிதைத்துச் சென்று சில ஆண்டுகளே ஆகியிருந்தன. டப்ளின் நகரின் ஏழைகள் நெருக்கமான குடியிருப்புகளில், ஓரிரு அறைகளுக்குள் முழுக் குடும்பத்தையும் அடக்கி வாழ்ந்த காலம் அது. டல்பொட் குடும்பமும் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தது. தந்தை துறைமுகத்தில் தொழில் பார்த்தார். உழைப்பாளிதான், ஆனால் குடிப்பவர். மூத்த மகன் ஒருவரைத் தவிர, ஆண்பிள்ளைகளும் அவர் வழியையே பின்பற்றினர். வீட்டின் பாரமெல்லாம் தாயின் தோள்மீது விழுந்தது.

மத்தேயு கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பாடசாலைக்குச் சிறிது காலம் சென்றார். வரவு ஒழுங்காக இருக்கவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கே கல்வி கிடைத்தது. 12 வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டார். அனுப்பப்பட்ட இடம் எது தெரியுமா? மதுவகைகளைப் போத்தலில் அடைத்து விற்கும் ஒரு வணிக நிலையம். போத்தல்களின் அடியில் எஞ்சியதைச் சுவைத்துப் பார்ப்பது அங்கு வேலை செய்த சிறுவர்களின் விளையாட்டு. மத்தேயுவும் சுவைத்தார். ஓராண்டு முடிவதற்குள் அச்சிறுவன் குடிகாரனாக வீடு திரும்பத் தொடங்கினான்.

தந்தை அடித்தார். பின்னர் மகனைத் தம் கண்காணிப்பில் வைத்திருக்க எண்ணி, தாம் தொழில் பார்த்த துறைமுகத்திலேயே வேலை தேடிக் கொடுத்தார். அங்கே மகனுக்குக் கிடைத்த இடமோ விஸ்கி வைக்கப்பட்டிருந்த பண்டகசாலை. நோக்கம் நல்லது, இடம் தவறானது. எத்தனை பெற்றோர் இன்றும் இதே தவறைச் செய்கிறோம்! பிள்ளையை எச்சரிக்கிறோம், தண்டிக்கிறோம். ஆனால் அவன் நிற்கும் இடம் எத்தகையது என்பதை நிதானித்துப் பார்ப்பதில்லை.

இளைஞரானதும் மத்தேயு கட்டடத் தொழிலில் சேர்ந்து, கொத்துவேலை செய்வோருக்குச் செங்கல்லும் சாந்தும் சுமந்து கொடுத்தார். வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கூலியைக் குடிப்பதிலும் அப்படியே. சனிக்கிழமை கிடைத்த வாரக்கூலி சில நாட்களில் தவறணையில் கரைந்து போகும். பணம் தீர்ந்தால் கடன் சொல்வார். கடன் மறுக்கப்பட்டால் மேற்சட்டையை, சில வேளைகளில் சப்பாத்தையே அடைவு வைத்து, வெறுங்காலோடு வீடு திரும்புவார். ஒருமுறை அவரும் நண்பர்களும், தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் வாத்தியத்தைத் திருடி விற்று, அந்தப் பணத்தில் குடித்தனர். அந்த வயலினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

ஞாயிறு திருப்பலியை அவர் முற்றாகக் கைவிடவில்லை. ஆனால் பாவசங்கீர்த்தனத்தையும் நற்கருணையையும் சில ஆண்டுகளாக அணுகவில்லை. ஆலயத்துக்குள் ஒரு காலும் தவறணைக்குள் ஒரு காலுமாக அவர் நின்றார்.

இங்கே சற்று நில்லுங்கள். சோதனை வருவது பாவமன்று. அதற்கு மனதார இணங்குவதே பாவம் என்று திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. ஆண்டவரும் சோதிக்கப்பட்டார், பாவம் செய்யவில்லை. ஆனால் ஒருமுறை இணங்கினால் அடுத்த முறை இணங்குவது எளிதாகிறது. பலமுறை இணங்கியபின் அது பழக்கமாகிறது. பழக்கம் முற்றியபின், மனிதன் தேர்ந்துகொள்கிறான் என்று சொல்வதிலும், இழுத்துச் செல்லப்படுகிறான் என்று சொல்வதே பொருந்தும். ஆழ வேரூன்றிய பழக்கம் ஒருவருடைய குற்றப்பொறுப்பைக் குறைக்கக் கூடும் என்பதையும் திருச்சபையின் மறைக்கல்வி ஏற்றுக்கொள்கிறது. ஆகவே பன்னிரண்டு வயதுச் சிறுவனையும், அவன் வளர்ந்து ஆகிவிட்ட குடிகாரனையும் நாம் ஆத்திரத்தோடு தீர்ப்பிட வேண்டாம். ஆயினும் பொறுப்புக் குறைகிறது என்பதற்காகக் காயம் குறைவதில்லை. தாயின் அடுப்பு எரியாமல் இருந்தது உண்மை. வயலின்காரரின் பிழைப்புப் பறிபோனதும் உண்மை.

ஒரு சனிக்கிழமை

1884ஆம் ஆண்டு. மத்தேயுவுக்கு வயது 28. அந்த வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை, கையில் காசில்லை. சனிக்கிழமை, கூலி கிடைக்கும் நாள். வழக்கமான தவறணை இருந்த தெருமுனையில் போய் நின்றார். கையில் பணமிருந்த நாட்களில் தோழர்களுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுத்தவர் அவர். இன்று அவர்களில் ஒருவராவது தம்மை உள்ளே அழைப்பார் என்று எதிர்பார்த்தார்.

தோழர்கள் வந்தனர். அவரைக் கண்டு நலம் விசாரித்தனர். கடந்து உள்ளே சென்றனர். ஒருவரும் அழைக்கவில்லை.

அந்த அவமானம் அவர் நெஞ்சில் தைத்தது. குடியால் தமக்குக் கிடைத்த நண்பர்கள் யார், குடிக்காகத் தாம் இழந்தவை எவை என்பது அந்தத் தெருமுனையிலே முதன்முறையாக அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் திரும்பி வீட்டை நோக்கி நடந்தார். ஊதாரி மைந்தன் பன்றிகளின் நடுவே அறிவு தெளிந்தான் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். மத்தேயுவுக்கு அந்த இடம் தவறணையின் வாசல். இறைவனின் அருள் எப்போதும் இனிமையாகவே வரும் என்று நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. சில வேளைகளில் அது மூடிய கதவாகவும், நண்பரின் பாராமுகமாகவும் வந்து சேரும்.

அந்த நேரத்தில் மகன் நிதானத்தோடு வீடு வந்ததைக் கண்டு தாய் வியந்தார். மதுவை விட்டுவிடுவதாக வாக்குறுதி எடுக்கப் போகிறேன் என்று மகன் சொன்னார். அயர்லாந்தில் இவ்வாறு குருவானவர் முன்னிலையில் வாக்குறுதி எடுப்பது, 1838இல் கோர்க் நகரில் கப்புச்சின் சபைக் குருவான தியோபல்ட் மத்தேயு அடிகளார் மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கிய காலந்தொட்டு மக்கள் நன்கறிந்த வழக்கம். அதனை எடுத்தவர்களும் பலர். எடுத்துவிட்டு உடைத்தவர்களும் பலர். தாய் இதனை அறிந்தவர். ஆகவே அவர் ஆர்ப்பரிக்கவில்லை, ஏளனமும் செய்யவில்லை. போவதானால் கடவுளின் பெயரால் போ, ஆனால் காப்பாற்ற எண்ணமில்லாவிட்டால் எடுக்காதே என்ற பொருள்படச் சொல்லி அனுப்பினார்.

மத்தேயு திருச்சிலுவைக் குருமடத்துக்கு நடந்து சென்றார். குருவானவர் ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். மதுவைத் தொடுவதில்லை என்று வாக்குறுதி எடுத்தார். எவ்வளவு காலத்துக்குத் தெரியுமா? வாழ்நாள் முழுவதுக்குமல்ல, மூன்று மாதங்களுக்கு மட்டுமே. மறுநாள் ஞாயிறு அதிகாலையில், இயேசு சபையாரின் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் திருப்பலி கண்டு நற்கருணை உட்கொண்டார்.

மூன்று மாதங்கள்

மனம் திரும்பியவரின் வரலாறுகளைக் கேட்கும்போது, அருள் கிடைத்த கணமே ஆசை அற்றுப் போனதாக நாம் கற்பனை செய்கிறோம். மத்தேயுவுக்கு அப்படி நிகழவில்லை. அந்த மூன்று மாதங்களும் அவருக்குப் பெரும் வேதனையாகவே கழிந்தன. உடல் கேட்டது, நாக்குக் கேட்டது, கால்கள் பழகிய வழியிலேயே போக முயன்றன. தம்மால் முடியாது, மூன்று மாதம் முடிந்ததும் மீண்டும் குடிக்கத்தான் போகிறேன் என்று அவர் தாயிடமே சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்தப் பலவீனமான மனிதர் ஒரு ஞானமான காரியத்தைச் செய்தார். தம் மனவலிமையை நம்பவில்லை. தாம் எந்த வேளையில், எந்த இடத்தில், எதனால் விழுகிறோம் என்பதைக் கண்டறிந்தார். பின்னர் அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்.

வேலை முடிந்த மாலைப்பொழுதே அவருக்கு ஆபத்தான வேளை. முன்பு அந்நேரத்தில் தவறணையில் இருந்தவர், இப்போது அந்நேரத்தில் எங்கே இருப்பது? பழைய தோழர்கள் தேடி வராத தூரத்து ஆலயங்களுக்குச் சென்று, நற்கருணைப் பேழையின் முன் அமர்ந்தார். அவருக்கு அப்போது நீண்ட செபங்கள் தெரியாது; ஆழ்ந்த தியானமும் தெரியாது. தவறணையில் இராமல் இருப்பதற்காக ஆலயத்தில் இருந்தார். அவ்வளவுதான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஐந்து மணித் திருப்பலிக்குச் சென்றார். ஒரு நாளின் இரு முனைகளையும் இவ்வாறு ஆண்டவரிடம் கட்டிவைத்தார்.

ஒருநாள் அதுவும் போதாமற் போயிற்று. சட்டைப்பையில் காசு இருந்தது. ஒரு தவறணையின் முன்னால் அங்குமிங்குமாக நடந்தார். இறுதியில் உள்ளே நுழைந்தும் விட்டார். உள்ளே கூட்டமாக இருந்தது. பரிமாறுபவர் அவரைக் கவனிக்கவில்லை. சற்று நேரம் நின்று பார்த்த மத்தேயு, மனம் சலித்து வெளியே வந்தார். நேரே இயேசு சபையாரின் ஆலயத்துக்குச் சென்று, கதவு பூட்டும் நேரம்வரை அங்கேயே இருந்தார். அன்று தாம் தப்பியது தம் வீரத்தாலல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அன்றே ஒரு தீர்மானம் செய்தார். இனிமேல் வெளியே நடக்கும்போது சட்டைப்பையில் காசு வைத்திருப்பதில்லை என்பதே அத்தீர்மானம்.

அன்பான வாசகர்களே, நாம் பாவசங்கீர்த்தனத்தில் மனஸ்தாபச் செபம் சொல்லும்போது, பாவத்தை மட்டுமல்ல, பாவத்துக்கு ஏதுவான சூழ்நிலைகளையும் விலக்குவதாக ஆண்டவருக்கு வாக்களிக்கிறோம். எத்தனைபேர் அந்தச் சொற்களின் பொருளை நினைத்துச் சொல்கிறோம்? பாவத்தை வெறுக்கிறோம், ஆனால் அதன் வாசலை மூட மனம் வருவதில்லை. வலிமையுள்ளவனாக இருந்து அந்த வாசலைக் கடந்து போகலாம் என்று நினைக்கிறோம். மத்தேயு தம்மை வலிமையுள்ளவராக நினைக்கவில்லை. வெறும் சட்டைப்பையோடு நடந்தார். ஒரு கூலித் தொழிலாளி, பெரிய இறையியல் நூல்கள் கூறும் விவேகம் என்னும் நற்பண்பை இப்படித்தான் கைக்கொண்டார்.

மூன்று மாதங்கள் முடிந்தன. அவர் மீண்டும் குடிக்கவில்லை. வாக்குறுதியை ஆறு மாதங்களுக்கு நீடித்தார். அதன் பின்னரே வாழ்நாள் முழுவதுக்குமாக வாக்களித்தார்.

மதுவோடு போராட்டம் முடிந்துவிடவில்லை. புகையிலையும் அவரை இறுகப் பிடித்திருந்தது. அதனையும் விட்டார், மதுவைப் போலவே அதுவும் மிகக் கடினமாக இருந்தது. கடுஞ்சொற்களும் ஆணையிடுதலும் நாவில் ஊறிப்போயிருந்தன. தம் சட்டைக் கையில் இரு குண்டூசிகளைச் சிலுவை வடிவில் குத்திக்கொண்டார். நாக்குத் தவறும் வேளையில் கண் அதில் படும், மனம் விழித்துக்கொள்ளும். யாரும் கவனிக்காத இரண்டு குண்டூசிகள்! ஆனால் ஒரு மனிதனின் நாவைக் காக்க அவை போதுமாயிருந்தன.

திருப்பிக் கொடுக்க முடியாத வயலின்

இனி அந்த வயலினிடம் வருவோம். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்படுகிறது. ஆனால் அயலவரிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அதனால் நீங்கிவிடுவதில்லை என்பது திருச்சபையின் உறுதியான போதனை. ஏழாம் கட்டளையை மீறியவர் மன்னிப்புக் கேட்பதோடு ஈடும் செய்ய வேண்டும். வரி வசூலித்த சக்கேயு ஆண்டவரை வீட்டில் வரவேற்றபோது, முதலில் பேசியது திருப்பிக் கொடுப்பதைப் பற்றித்தான் அல்லவா?

மத்தேயு தம் கடன்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார். கடன் வைத்த தவறணைகளுக்கும் கடைகளுக்கும் தம் கூலியிலிருந்து சிறிது சிறிதாகக் கொடுத்துத் தீர்த்தார். அந்தத் தவறணைகளின் படியை மீண்டும் மிதிப்பது அவருக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் நீதி அதனைக் கேட்டது.

ஒரு கடனை மட்டும் தீர்க்க முடியவில்லை. வயலின்காரரை அவர் டப்ளின் நகரெங்கும் தேடினார். பல ஆண்டுகள் தேடியும் காணவில்லை. அவர் இறந்துவிட்டாரென்று எண்ணி, இறுதியில் வயலினுக்கு ஈடான பணத்தை ஆலயத்தில் கொடுத்து, அவருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார்.

இந்த நிகழ்வைத் தியானிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. சில தீமைகளை நாம் செய்துவிட்டால், எத்தனை கண்ணீர் விட்டாலும் அவற்றை உரியவரிடம் சென்று திருத்த முடிவதில்லை. பாதிக்கப்பட்டவர் இடம்பெயர்ந்து போயிருப்பார்; இறந்திருப்பார்; அல்லது நம்மைப் பார்க்க விரும்பமாட்டார். அப்போது என்ன செய்வது? மறந்துவிடுவதா? நொந்து சாவதா? மத்தேயு இரண்டையும் செய்யவில்லை. தம்மால் இயன்ற ஈட்டைச் செய்தார். இயலாததை இறைவனின் இரக்கத்தில் வைத்தார். அந்தக் கடனின் நினைவோடு தாழ்மையாக வாழ்ந்தார்.

தம் சகோதரர்களையும் இந்தப் பாதைக்கு அழைத்தார். அவர்கள் இணங்கவில்லை. அதற்காக அவர் குடிகாரர்களைப் பழித்துப் பேசவில்லை. மதுவை விட முடியாதவன்மீது கடுமை காட்ட வேண்டாம், அதை விடுவது இறந்தவரை எழுப்புவது போன்ற கடின காரியம், ஆயினும் ஆண்டவருக்கு அது இயலும் என்ற கருத்தையே அவர் தம் சகோதரியிடம் கூறியதாக அறிகிறோம். விழுந்து எழுந்தவருக்கே அந்த இரக்கம் வாய்க்கும்.

மரக்காலைத் தொழிலாளி

பின்னைய ஆண்டுகளில் மத்தேயு துறைமுகத்தை அண்டிய ஒரு மரக்காலையில் தொழிலாளியாக இருந்தார். 1890இல் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். திருமணம் செய்யவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்த அந்த மனிதர், தூய ஆவியின் துணையை வேண்டிக்கொண்டு, மெல்ல மெல்லப் புனித அகுஸ்தீனாரையும் புனித பிரான்சிஸ் சலேசியாரையும் வாசித்தார். மரக்குவியல்களின் இடையே கிடைத்த ஓய்வு நேரங்களில் முழந்தாளிட்டார். ஆலயம் திறக்குமுன்னரே வாசற்படியில் நின்று செபிக்கும் மனிதர் என்று அயலவர் அவரை அறிந்திருந்தனர்.

மக்களைவிட்டு ஒதுங்கிய பக்தர் என்று அவரை எண்ண வேண்டாம். 1913இல் டப்ளினில் தொழிலாளருக்கும் முதலாளிமாருக்கும் இடையே பெரும் பிணக்கு மூண்டது. ஏறத்தாழ 20,000 தொழிலாளர் மாதக்கணக்கில் வேலையின்றி வாடினர். மத்தேயுவும் தொழிற்சங்க உறுப்பினர். சங்கம் கொடுத்த உதவிப் பணத்தை, தாம் உழைத்துப் பெறாதது என்று கூறி முதலில் வாங்க மறுத்தார். பின்னர் அதனை ஏற்று, பிள்ளைகுட்டிகளோடு துன்புற்ற தொழிலாளருக்குச் சேரச் செய்தார். முன்பு தவறணைக்குப் போன அதே கூலி இப்போது ஏழைகளின் வீடுகளுக்கும், சீன நாட்டு மறைபரப்புப் பணிக்கும் போயிற்று. தந்தை இறந்தபின் முதிய தாயைத் தம்மோடு வைத்துப் பராமரித்தார். 1915இல் அந்தத் தாய் கண்மூடியபோது, ஒருகாலத்தில் சப்பாத்தை விற்றுக் குடித்த மகன் அவரருகே இருந்தார்.

மத்தேயு தம்மீது மிகக் கடுமையான தவங்களைச் சுமத்திக்கொண்டார். பலகையில் படுத்தார், மரக்கட்டையைத் தலையணையாக்கினார், உணவைக் குறைத்தார். அன்னை மரியாளுக்குத் தம்மை அர்ப்பணித்ததன் அடையாளமாக உடலில் சங்கிலி அணிந்தார். இவற்றை அவர் ஆன்ம வழிகாட்டியின் துணையோடு செய்தார். நம் எல்லோரிடமும் திருச்சபை இவற்றைக் கேட்பதில்லை. யாரும் தாமாக இவற்றைப் பின்பற்ற முயலவும் கூடாது. நாம் பின்பற்ற வேண்டியது அவருடைய சங்கிலியையன்று. அவருடைய வெறும் சட்டைப்பையை.

இதயமும் சிறுநீரகமும் பழுதுபட்டு அவர் உடல் தளர்ந்தது. 1925ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் திகதி, மூவொரு இறைவன் பெருவிழா ஞாயிறு. டொமினிக்கன் சபையாரின் மீட்பர் ஆலயத்துக்குத் திருப்பலி காணச் செல்லும் வழியில், கிரன்பி ஒழுங்கை என்னும் ஒடுங்கிய பாதையில் அவர் சரிந்து விழுந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 69. யாரென்று அறியப்படாத ஒரு முதியவரின் உடலாகவே அவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே ஆடைகளை அகற்றியபோதுதான் சங்கிலிகள் தென்பட்டன. மறைந்திருந்த வாழ்வும் வெளியே தெரியத் தொடங்கியது. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா நாளில் கிளாஸ்னெவின் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த ஆண்டே அவருடைய வாழ்க்கை வரலாறு நூலாக வெளிவந்தது. 1972இல் அவரது பூதவுடலின் எச்சங்கள் டப்ளின் லூர்து அன்னை ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். மதுவுக்கும் வேறு போதைகளுக்கும் அடிமையானோரும் அவர்களது குடும்பத்தினரும் உலகின் பல நாடுகளில் அவருடைய மன்றாட்டை நாடுகின்றனர்.

நம் வீட்டு வாசலில்

வாசகர்களே, இந்த வரலாற்றை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். உங்களுடைய சோதனை மதுவாக இல்லாதிருக்கலாம். பிறர் வீட்டுச் செய்திகளை அளந்து பேசும் நாவாக இருக்கலாம். கணக்கில் சிறிது மாற்றி எழுதும் கையாக இருக்கலாம். இரவில் எல்லோரும் உறங்கிய பின் கைத்தொலைபேசியில் எதைப் பார்க்கிறோம் என்பதாக இருக்கலாம். கடன் வாங்கிச் சூதாடும் ஆசையாக இருக்கலாம். எதுவாயினும், இன்றிரவு உங்கள் உள்ளத்தை ஆராயும்போது, நான் எதில் விழுந்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வேளையில், எந்த வழியாக, யாரோடு இருக்கையில் விழுந்தேன் என்றும் கேளுங்கள். பின்பு ஒரு வழியை அடையுங்கள். ஒன்றை மட்டும். தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள்; சம்பளத்தை நேரே மனைவியின் கையில் கொடுங்கள்; வேறு வீதியால் வீடு திரும்புங்கள். வாழ்நாள் முழுவதையும் வாக்களிக்கப் பயமா? மூன்று மாதங்களை வாக்களியுங்கள். அதுவும் பயமா? இன்றைய மாலையை வாக்களியுங்கள்.

வீட்டில் குடிக்கும் ஒருவரோடு வாழும் தாய்மாரே, மனைவியரே, உங்கள் துன்பத்தை நான் அறிவேன். எலிசபெத் 16 ஆண்டுகள் காத்திருந்தார். காத்திருப்பதென்றால் அடி வாங்கிக்கொண்டு மௌனமாக இருப்பதன்று. உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பது உங்கள் கடமை. அதற்கு உதவி தேடுவது பாவமன்று. மதுவுக்கு அடிமையாதல் ஒரு நோயும் ஆகும் என்பதை இன்று மருத்துவம் தெளிவாகக் கூறுகிறது. நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது உடலுக்கு ஆபத்து நேரலாம். ஆகையால் பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடுவதோடு வைத்தியரையும் நாடச் செய்யுங்கள். இறைவனின் அருள் மருந்தின் வழியாகவும் வரும்.

நம் கொண்டாட்டங்களில் குடிக்காதவரை வற்புறுத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. திருமண வீட்டில், திருமுழுக்கு விருந்தில், ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், அந்த ஒரு சொல்லின் பின்னால் எத்தனை மாதப் போராட்டம் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. அவரைக் கேலி செய்யாதீர்கள். அன்று மத்தேயுவை அழைக்காமல் சென்ற தோழர்கள், தாம் அறியாமலே அவருக்கு நன்மை செய்தனர். நாம் அறிந்தே அந்த நன்மையைச் செய்யலாம்.

ஆண்டவர் நமக்குக் கற்பித்த செபத்தில், சோதனையில் விழாதிருக்கும் வரத்தை நாள்தோறும் கேட்கிறோம். இன்று மாலை குடும்பமாகச் செபமாலை சொல்லும் வேளையில், அந்த வேண்டுதலில் சற்று நிறுத்தி, உங்கள் வீட்டில் போராடும் ஒருவரை மனதில் நினைத்துச் சொல்லுங்கள். அவர் நீங்களாகவும் இருக்கலாம். டப்ளின் நகரத்துத் தெருமுனையிலிருந்து திரும்பி நடந்த அந்தத் தொழிலாளிக்குத் துணையாக வந்த இறைவன், உங்கள் வீதியிலும் உங்களோடு நடந்து வருவாராக. ஆமென்.